பெரிய மாமாவுக்குத் தாகம்

சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, ஒரு ஓரமாகச் சத்தம் போடாமல் நிற்க வேண்டும். இதில் அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நான் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டேன். அதன் பலனாக, காலையிலேயே இறந்துபோன ஒரு மனிதர், பெங்களூர் பிரேசர் டவுனில், மழை தூறிய ஒரு மத்தியானத்தில், கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தார்.

(நம்பிக்கை இல்லாதவர்கள் பால் என்கிற என் கொழுந்தனைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் அவனே சொல்வான்.)

செல்போன் என்றால் பேசவும் பாம்பு விளையாட்டு ஆடவும் மட்டும்தான் என்றிருந்த காலம் அது. எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டு வருஷம் முன்பு இடது மார்பில் ஒரு கட்டி வந்து, கட்டியோடு சேர்த்து மார்பையும் எடுத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் சொந்தக்காரர்கள் அதை முழுசாக நம்பவில்லை. கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டோடு நின்றால்கூட என்னைத் தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்ப்பார்கள். பெட்டிக்கு அளவெடுக்கிற பார்வை.

காலியான பக்கத்துக்கு என் மாமியார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மெல்லிய பருத்தித் துணியில் சின்னப் பை தைத்து, உள்ளே ராகியை நிரப்பி, ஓரத்தில் லேஸ் வைத்துக் கொடுத்தார். பஞ்சு வைத்தால் கனம் இருக்காதாம், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குமாம். ராகி என்றால் அசல் போலவே இருக்கும் என்று அவராகவே யோசித்துக் கண்டுபிடித்தது. உண்மைதான், இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் தையல் விட்டு, சிவாஜி நகர் வரைக்கும் ராகி மணிகள் என் புடவை மடிப்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்ததையும், பக்கத்து சீட் பெரியவர் அதைப் பொறுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்ததையும் நான் மாமியாரிடம் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய ராகியைக் கொட்டிவிட்டுப் புது ராகி போட்டுத் தருவார். அத்தனை பாசம்.

அதனால்தான், உள்ளேயே ஒரு செயற்கைப் பை வைத்து மார்பை மறுபடி உண்டாக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, வீட்டில் என் கணவர் ஜெயராஜைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு தடவை சும்மா ஆழம் பார்த்தேன். "உயிரக் குடுத்தாரே கர்த்தரு, அது போதாதா? மறுபடி எதுக்கு கத்தி?" என்றார் மாமியார். அப்படியே பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்த வேலை ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் ஒரு காலிப் பையை உள்ளே வைத்து, வாரம் விட்டு வாரம் ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றித் தோலை மெதுவாக விரிய வைப்பார்கள். பிறகு இன்னொரு ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டு நிரந்தரமான பையை வைப்பார்கள். எனக்குள் தண்ணீர் ஏற ஏற, மாமியாரின் பையிலிருந்து ராகியைக் கைப்பிடி கைப்பிடியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். (வெளியிலிருந்து பார்த்தால் எப்போதும் ஒரே அளவு. உளவுத்துறையில் சேர்ந்திருக்கலாம்.) கடைசி ஆபரேஷனுக்கு, "பழைய தையல்ல ஒரு சின்ன வேலை பாக்கி" என்று ஜெயராஜ் அவர் அம்மாவிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டரம்மா கட்டில் அருகே நின்று, பாதி கன்னடம் பாதி தமிழில், "ஏனாதரு டவுட் இதெயாம்மா? எதா இருந்தாலும் கேளுங்க" என்றார். அவர் பின்னால் பயிற்சி டாக்டர்கள் வரிசையாக நின்று என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு டவுட்டும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிர். நான் அப்போது அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்போது பெங்களூரில் தெருவுக்கு ஒன்று இருந்தது அந்த மாதிரி கம்பெனி. என்னைப் போல பை வைத்துக்கொண்ட அமெரிக்கப் பெண்கள் எத்தனையோ பேருடைய கவலையை என் விரலாலேயே அடித்திருக்கிறேன். கல் மாதிரி இறுகிப்போச்சு, ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கிறது, தொட்டால் உணர்ச்சி இல்லை, உள்ளே கசிந்துவிட்டதோ என்று பயம். அடித்துவிட்டு ஸ்பெல்லிங் சரிபார்த்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அது என் உடம்பில் நடக்கும்போது எப்படியிருக்கும் என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

எப்படியிருந்தது என்றால், வீட்டுக்குள் யாரோ கூடக் குடி வந்த மாதிரி இருந்தது.

குளிக்கும்போது கையை வைத்தால், கைக்கு மார்பு தெரியும். மார்புக்குக் கை தெரியாது. இன்னொரு பொம்பளையைத் தொடுவது போல சட்டென்று கையை எடுத்துவிடுவேன். அந்த வருஷம் ஆடியில் விடாத தூறல். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போய் நனைந்து வந்தாலும் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் சூடாகிவிடும், அந்த ஒரு இடம் மட்டும் ஜில்லென்றே இருக்கும். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அந்தக் குளிரை உள்ளங்கையால் உணரும்போது, என்னில் அந்தப் பாகம் மட்டும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று தோன்றும். சில சமயம் காரணமே இல்லாமல் உள்ளே ஒரு மின்னல் வெட்டும். அரிப்பெடுக்கும், சொறிந்தால் எதுவும் தெரியாது. அரிக்கிற இடம் என்னிடம் இல்லை, இரண்டு வருஷம் முன்பே எடுத்தாயிற்று.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஹெட்போனில் ஒரு டாக்டர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம்.

களக்.

டாக்டர் தண்ணீர் குடிக்கிறார் என்று நினைத்தேன். காலடியில் இருக்கும் பெடலை அழுத்தித் திருப்பிப் போட்டேன். அதே வாக்கியம் வந்தது, சத்தம் வரவில்லை. சரியென்று மேலே போனேன். இன்னொரு இடத்தில், களக். ரொம்பப் பக்கத்தில். என் காதுக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நின்று, வாயில் வைத்திருந்த தண்ணீரை மெதுவாக இறக்கினால் எப்படிக் கேட்குமோ அப்படி. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. பக்கத்து சீட் வித்யாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"ஏனூ இல்லவே லில்லி, ஒண்ணுமே கேக்கல. முட்டி வலி மட்டும்தான் இருக்கு" என்றாள்.

காலை ஷிஃப்ட் முடிந்து, அன்று மத்தியானம் வீட்டில் நான் மட்டும். ஹெட்போன் இல்லை, டாக்டர் இல்லை, களக் இருந்தது. குழாயை இறுக்கி மூடினேன். ஃபில்டரைப் பார்த்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தால் சத்தமும் ஹாலுக்கு வந்தது. படுக்கையறைக்குப் போனால் அங்கேயும். நான் நின்றால் அதுவும் நின்றது. கடைசியில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, மேல் தட்டிலிருந்து ஒரு டவலை எடுக்கக் கையைத் தூக்கியபோதுதான் புரிந்தது, சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வரவில்லை என்று.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். நர்ஸ்தான் பேசினார். "அது எல்லாருக்கும் வர்றதுதான் மேடம். உள்ள கொஞ்சம் காத்தும் நீரும் தங்கியிருக்கும், அசைஞ்சா சத்தம் வரும். கொஞ்ச வாரத்துல உடம்பே உறிஞ்சிக்கும். கைய மட்டும் மேல தூக்காதீங்க. ஜில்லுனு இருக்குமே, அதுவும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. பேய் வீட்டுக்குள் இருந்தாலாவது வாடகை வீட்டை மாற்றிவிடலாம்.

இந்த நிலைமையில்தான் பெரிய மாமா இறந்துபோனார் என்று போன் வந்தது.

பெரிய மாமா என்றால் ஜெயராஜின் பெரியப்பா. கோலார் தங்கச் சுரங்கத்துப் பக்கம் வளர்ந்தவர். பிள்ளை இல்லை. ஜெயராஜும் தம்பி பாலும்தான் பிள்ளைகள் மாதிரி. நல்ல மனிதர், ஒரே ஒரு பயம் உண்டு. சின்ன வயதில், சுரங்கத்திலிருந்து செத்துவிட்டான் என்று தூக்கி வந்த ஒருவன், பெட்டிக்குள் வைத்த பிறகு இருமினானாம். அதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். கிறிஸ்துமஸ் விருந்தில், பிறந்தநாளில், பெண் பார்க்கப் போன வீட்டில், எல்லா இடத்திலும் சொல்வார். "என்ன மட்டும் அவசரப்பட்டு மூடிராதீங்கப்பா" என்று முடிப்பார்.

எனக்கு முதல் ஆபரேஷன் ஆனபோது திராட்சை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மற்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவர் மட்டும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "பயப்படாத லில்லி. நம்ம ரெண்டு பேர்ல யாரு முந்தறோம்னு பாப்போம். நான் முந்திட்டேன்னா, மூடறப்ப நீ கிட்ட நின்னு நல்லாப் பாத்துக்க. நீதான் எட்டிப் பாத்துட்டு வந்தவ, உனக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார். எனக்கு அந்த மாதத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதனால் போகாமல் இருக்க முடியாது. தையல் பிரித்தாகிவிட்டது, இறுக்கமான உள்பாடி போட்டு, மேலே தளர்ந்த ஜாக்கெட், அதற்கு மேல் ஸ்வெட்டர். ஜெயராஜ் பைக்கை ஆட்டோவைவிட மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் களக்.

"இப்ப கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. நான் பெட்ரோல் டேங்க்னு நினைச்சேன்" என்றார்.

பிரேசர் டவுன் வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் பெரிய மாமா சூட்டு போட்டுப் படுத்திருந்தார். தலைமாட்டில் அவர் மனைவி, பெரிய அத்தை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டு அழவில்லை என்று மாமியார் என்னிடம் கிசுகிசுத்தார். வந்தவர்களெல்லாம் பெட்டியைப் பார்த்தார்கள், அடுத்து என்னைப் பார்த்தார்கள், அடுத்து தலையை ஆட்டிக்கொண்டார்கள். "நீ ஏம்மா இந்த மழைல வந்த?" என்று ஒரு சித்தி கேட்டார். வரிசையில் அடுத்த ஆள் முன்கூட்டியே வந்து நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை போல.

மூன்று மணிக்கு அவரை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மரப்பெட்டியில் வைத்தார்கள். வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. பாஸ்டர் வேதபுத்தகத்தைத் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. காலையிலிருந்து உர்ரென்று ஓடிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டி நின்றது. மின்விசிறி நின்றது. அதுவரை அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று, நின்ற பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் பெரிய மாமாவின் முகம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் மௌனமா ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். பெட்டியை ஒட்டி நின்ற என் தலையிலிருந்து முந்தானை நழுவியது. நர்ஸ் சொன்னதை மறந்து இடது கையைத் தூக்கினேன்.

களக்.

பெரிய அத்தை கண்ணைத் திறந்தார். பெட்டிக்குள் பார்த்தார். நான் அப்படியே உறைந்துவிட்டேன். தூக்கிய கையை மெதுவாக இறக்கினேன். இறங்கும்போது அது இன்னொரு தடவை கேட்டது, முதல் தடவையைவிடத் தெளிவாக, நிதானமாக, ஒரு வாய்த் தண்ணீரை ரசித்து விழுங்குவது போல.

"அவருதான்" என்றார் பெரிய அத்தை. அடங்கின குரலில், ரொம்பச் சாதாரணமாக. "தண்ணி கேக்கறாரு."

பாஸ்டரின் வாய் திறந்தபடி இருந்தது. பெரிய அத்தை எழுந்து, குனிந்து, அவர் மூக்கில் வைத்திருந்த பஞ்சை இரண்டு பக்கமும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மூச்சு விடணுமில்ல" என்றார்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த எனக்கே, பஞ்சு எடுத்த பிறகு அந்த முகம் கொஞ்சம் மாறிவிட்டதாகத் தோன்றியது.

பால் ஓடிப்போய்ப் பெரிய மாமாவின் ஷேவிங் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் மூக்குக்குக் கீழே உதட்டை ஒட்டி வைத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தான். எல்லாரும் தலையை நீட்டினோம். கண்ணாடியில் மெல்லப் பனி படர்ந்தது.

பின்வரிசையில் ஒரு அம்மா பாட ஆரம்பித்துவிட்டார். வாசலருகே நின்ற ஒரு மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ டாக்டரைக் கூப்பிட ஓடினார்கள். பெரிய அத்தை டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பின்னால் நகர்ந்தேன். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட மேலாக விட்டுக்கொண்டு, கதவு வரைக்கும் போய்விட்டேன். சத்தம் நின்றது. சரி, இனி அவர்களே முடிவு செய்துகொள்வார்கள், இறந்தவர் இறந்தவராகவே இருந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"லில்லி எங்க?" என்றது பெரிய அத்தையின் குரல். "அவ நின்னப்பதான் சத்தம் வந்துச்சு. அவ மேல அவருக்கு உசிரு. லில்லி, இங்க வா. வந்து கூப்பிடு அவர."

கூட்டம் வழிவிட்டது. ஜெயராஜ் என்னைப் பார்த்தார். அவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு கெஞ்சல். கெஞ்சல் என்னைச் சொல்லச் சொல்லியா, சொல்ல வேண்டாமென்றா, இன்றுவரை அவர் தெளிவாகச் சொன்னதில்லை.

போய் நின்றேன். "குனிஞ்சு, காதுகிட்ட கூப்பிடு" என்றார் பெரிய அத்தை.

ஆடாமல் குனிவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெள்ள மெள்ளக் குனிந்து, "பெரிய மாமா" என்றேன்.

களக். களக். களக்.

கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. அறையே மூச்சை இழுத்தது. பெரிய அத்தை ஸ்பூனில் தண்ணீர் எடுத்து அவர் உதட்டில் விட்டார். அது உள்ளே போகவில்லை. உதட்டோரமாக வழிந்து, கன்னத்தில் இறங்கி, வெள்ளைக் காலரை நனைத்தது. அவர் முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்தார். "மெதுவா குடிங்க. அவசரமில்ல" என்றார்.

அந்த நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். பக்கத்துத் தெருப் பல் டாக்டர். அவர்தான் கிடைத்தாராம். மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "இல்லம்மா. போயி ரொம்ப நேரமாச்சு. கண்ணாடி பனிச்சது ஐஸ் குளிருக்கு. சில்லுனு ஆன கண்ணாடி மேல நீங்க எல்லாரும் மூச்சு விட்டிருக்கீங்க" என்றார்.

"நீங்க பல்லு டாக்டரு" என்றார் பெரிய அத்தை கோபமில்லாமல். "சத்தம் வாயிலேர்ந்துதான் வருது. வாயப் பாருங்க."

இன்னொரு ஸ்பூன் நிரம்பியது. கை நடுங்காமல் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த ஸ்பூனைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பெரிய அத்தை அந்த டம்ளரைக் காலி செய்துவிட்டு, இன்னொன்று கேட்பார்.

கிட்டப் போய் அவர் காதில் ரகசியமாகச் சொன்னேன். "அத்தை, அந்தச் சத்தம் மாமா இல்ல. நான்தான். எனக்கு ஆபரேஷன் பண்ணி நெஞ்சுக்குள்ள ஒரு பை வச்சிருக்காங்க. உள்ள நீர் இருக்கு. ஆடினா சத்தம் வரும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய அத்தை மைக் இல்லாத காலத்திலிருந்து சர்ச் பாட்டுக் குழுவை நடத்தியவர். ரகசியம் பேச அவருக்கு வராது.

"என்னது?" என்றார். "உன் மாருக்குள்ள தண்ணியா?"

பாடிக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினார். வாசலில் குடையோடு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்தார், எங்கே பார்க்கிறோம் என்று உணர்ந்து விட்டத்தைப் பார்த்தார். என் மாமியார் எதையும் பார்க்கவில்லை. கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய அத்தை ஸ்பூனை டம்ளருக்குள் போட்டார். என் ஸ்வெட்டரை விலக்கி, அத்தனை பேர் முன்னாலும், தன் காதை என் இடது நெஞ்சில் வைத்தார். நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

களக்.

அவர் காதை எடுக்கவில்லை. இன்னொரு தடவை கேட்கக் காத்திருந்தார். இன்னொரு தடவையும் கேட்டது. "ஆமா" என்றார் என் நெஞ்சுக்குள்ளேயே. பிறகு, "அப்ப அவரு போயிட்டாரு" என்றார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. தலையை அங்கேயே அழுத்திக்கொண்டு அழுதார். புது ஆபரேஷன் செய்த இடம். தோலுக்கு உணர்ச்சி இல்லையே தவிர உள்ளே மின்னல் மேல் மின்னலாக வெட்டியது. அவர் அழுது முடிக்கிறவரை நான் நகரவில்லை. அவர் அழ அழ அதுவும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

கரண்ட் வந்தது. டியூப்லைட் கண் சிமிட்டி எரிந்தது. ஐஸ் பெட்டி, காலியாக, மறுபடி உர்ரென்று ஓட ஆரம்பித்தது.

சமையலறைக்குள் ஓடி ஒளிந்தேன். பின்னாலேயே மாமியார் வந்து கதவைச் சாத்தினார். மேடையில் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த சின்ன வேலை பாக்கின்னு சொன்னது இதா?"

"ஆமா அத்தை."

"அப்ப நான் தச்சுக் குடுத்தது?"

"பத்திரமா வச்சிருக்கேன் அத்தை."

மேடையில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். பிறகு, "வண்டு பிடிச்சிரும். மாவாக்கிக் களி கிண்டிரு" என்றார். திரும்பிப் போகும்போது கதவருகே நின்று, "ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா?" என்று கேட்டார். இன்னும் முடியவில்லை என்றேன். "தலகாணிய முதுகுக்கு அண்டக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் பயந்த விசாரணை அதோடு முடிந்தது.

அவர் திறந்துவிட்டுப் போன கதவு வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். காபி கலக்க வந்ததாகப் பெயர். ஏன் வந்தாய் என்று கேட்ட சித்தி, "தொட்டுப் பாக்கலாமா?" என்றார். ஒருத்தி பிளேனில் போனால் வெடிக்குமா என்றாள். இன்னொருத்தி வெயிலில் உருகுமா என்றாள். வயசானால் நமக்கு எல்லாம் இறங்கும், அது மட்டும் அங்கேயே நிற்குமா என்று கேட்டது பாஸ்டரின் மனைவி. டாக்டர் கேட்டபோது வாய் திறக்காத நான், அமெரிக்க டாக்டர்கள் அத்தனை பேரும் என் வாய்வழியாகப் பேசுவது போல பதில் சொன்னேன். வெடிக்காது. உருகாது. நிற்கும். கடைசியாக வந்த ஒரு பெண் பையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே, "ஆரம்பத்துல அந்தக் கட்டி எப்படி இருந்துச்சு? வலிச்சுதா?" என்றாள். வலிக்கவில்லை, அதுதான் ஏமாற்றியது என்றேன். அடுத்த வாரமே அவளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவளுடையது வெறும் கொழுப்புக் கட்டிதான்.

கல்லறைத் தோட்டத்தில் என்னைக் குழிக்குக் கிட்டே விடவில்லை. "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. மண்ணு போடறப்ப சத்தம் கேட்டா ஜனங்க தாங்காது" என்று சொல்லி, பால் என்னை வாசல் கேட்டுக்கு வெளியே பைக்குகளுக்குக் காவலாக நிறுத்திவிட்டான்.

அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்த்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கப் பயிற்சி டாக்டர்கள் காத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டேன். நான் கதவோரமாகப் போய், கையைக் கட்டி, மூச்சைப் பிடித்து, கல்லாக நின்றபோது, யாருமே பேசாத ஒரு நொடியில், பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேட்டது. மெல்லிசாக. அதை மற்றவர்கள் கவனித்தார்களா என்று தெரியாது. நான் இதுவரை குடும்பத்தில் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஹார்ட் துடிக்கறதே போதும்மா, சத்தம் வர. உங்களோடதாத்தான் இருக்கும்" என்றார். இருக்கும் என்றுதான் சொன்னார்.

சில வாரங்களில் சத்தம் நின்றுபோனது. ஜில்லிப்பு இன்னும் உண்டு, டிசம்பரில் அதிகம். முதலில் கொஞ்சம் மேலே தூக்கி நின்ற புதுப் பக்கம் மெதுவாக இறங்கி ஜோடி சேர்ந்துகொண்டது. இப்போது அது நான்தான். எப்போது அப்படி ஆனது என்று தெரியவில்லை.

பல வருஷம் கழித்துப் பெரிய அத்தையும் போய்ச் சேர்ந்தார். மூடுகிற நேரத்தில் பாஸ்டர் (இவர் புதியவர், பாவம்) கையை உயர்த்தியபோது, பால் அவரை நிறுத்தினான். "ஒரு நிமிஷம் பாஸ்டர். பெரியம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க." என்னைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு அருகே நிறுத்தினான். குனியச் சொன்னான். வீடே அமைதியானது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும்தான். "பெரிய அத்தை" என்றேன். ஒன்றும் இல்லை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஒன்றுமே இல்லை. அந்தப் பாழாய்ப்போன சத்தம் ஒரே ஒரு தடவை வந்தால் தேவலை என்று, அங்கே நின்று அழுதேன்.

பால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, மூடலாம். அண்ணி கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் இறந்தாலும், டாக்டருக்கு அடுத்த போன் எனக்குத்தான் வருகிறது.